ராத்திரி பிடித்த பாட்டு காலையில் ஏன் கசக்கிறது?

கேள்வி:

அண்ணா, எனக்கு 26 வயது. ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. நாலு வருஷமாக லேப்டாப்பில் பாட்டு பண்ணுகிறேன். எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசை மென்பொருள், ஒரு ஹெட்போன், இ.எம்.ஐ.யில் வாங்கிய 5 இஞ்ச் மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பத்துக்குப் பத்து அறை. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வீடு வந்து சேர 12 மணி ஆகிவிடும். அப்புறம் உட்கார்ந்தால் 3 மணி வரை போகும். அந்த நேரத்தில் நான் போடுவது எனக்கே புல்லரிக்கும். காலையில் எழுந்து அதையே கேட்டால் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கிறது. இப்படியே 64 புராஜெக்ட் பாதியில் கிடக்கிறது.

முழுசாக முடித்தது ஒன்றே ஒன்று. போன வருஷம் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு பாட்டு. பம்பைக்காரர் ஒருவரை மாந்தோப்பில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரில் போட்டார்கள். நான் ஒரு மாதம் உழைத்த பேஸ், அந்தக் கனமான கீழ்ச்சத்தம், மொத்தமும் காணோம். கூசிப்போய் வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த வருஷமும் போடணும், பென்டிரைவில் கொடு என்று பூசாரி நாலு தடவை கேட்டுவிட்டார். சரிபண்ணித் தருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

நண்பர்கள் எதைக் கேட்டாலும் 'செம மச்சி' என்கிறார்கள். சினிமாப் பாட்டுப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் என்னுடையது குப்பை. சில நாள் என்னையே எனக்குப் பிடிப்பதில்லை. குறை என் பாட்டிலா, என் மனசிலா? மூன்று பாட்டு அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தம்பி, மூன்றையும் கேட்டேன். பாட்டுகளைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். முதலில், நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறேன்: பிரஸ் ஷாப்.

குறை பாட்டிலா மனசிலா என்று கேட்கிறீர்கள். நடுவில் காது என்று ஒன்று இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள். பிரஸ் அடிக்கிற இடத்தில் 90, 95 டெசிபெல் சத்தம் சாதாரணம். 85 டெசிபெல்லில் 8 மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பான அளவு என்று தொழில் சுகாதாரத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி. நீங்கள் ஒரு முழு ஷிஃப்ட் நிற்கிறீர்கள். இயர் பிளக் கொடுத்திருப்பார்கள். அது பெரும்பாலும் சட்டைப் பையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படிச் சத்தத்தில் நின்று வந்த காது சில மணி நேரத்துக்கு மந்தமாகிவிடும். எல்லாச் சத்தத்துக்கும் ஒரே அளவில் மந்தமாகாது. 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை, அதிலும் 4,000 பக்கம்தான் அதிகம் அடி வாங்கும். பாட்டில் 'ச', 'ஷ' தெளிவாகக் கேட்பதும், ஸ்னேர் சுள்ளென்று விழுவதும், சலங்கை மின்னுவதும் ஏறக்குறைய அந்தப் பக்கத்தில்தான். ராத்திரி 12 மணிக்கு அந்தக் காதோடு உட்காருகிறீர்கள். பாட்டு மங்கலாகக் கேட்கிறது. சத்தத்தின் மேல், கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவைத் திறந்து மேலே கொஞ்சம் தூக்குகிறீர்கள். இன்னும் கொஞ்சம். இப்போது பளிச்சென்று இருக்கிறது, புல்லரிக்கிறது. தூங்கி எழுந்தால் காது பழைய நிலைக்கு வந்துவிட்டது, தூக்கிய ஈக்யூ மட்டும் தூக்கியபடியே நிற்கிறது. தகரத்தில் ஆணி கீறுகிறது என்று எழுதினீர்களே, அந்த ஆணி இதுதான்.

தகரம் எங்கே இருந்து வந்தது என்பது இன்னொரு கதை. 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டிய விஷயம் அது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பேஸ் சரியாக எட்டாது. சத்தத்தைக் கூட்டினால் பேஸ் தானாகவே நிறைந்த மாதிரி கேட்கும். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நீங்கள் ஹெட்போனைப் போட்டு வால்யூமை ஏற்றியிருப்பீர்கள். பேஸ் போதும் போதும் என்று கேட்டிருக்கும். காலையில் அம்மா சமையலறையில் இருக்க, சின்னச் சத்தத்தில் மானிட்டரில் போடுகிறீர்கள். பேஸ் இறங்கிப் போச்சு, மேல்சத்தம் மட்டும் நிற்கிறது. ராத்திரி ஒரு காதில், ஒரு வால்யூமில் சமைத்ததை, காலையில் வேறு காதில், வேறு வால்யூமில் ருசி பார்த்துவிட்டு, நாலு வருஷமாக உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ராத்திரி வந்த மயக்கத்தையும் நம்ப வேண்டாம், காலையில் வரும் அருவருப்பையும் நம்ப வேண்டாம்.

செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் காலை நேரம் உங்கள் கையில் இருக்கிறது. ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை மிக்ஸ் பண்ணுங்கள், அதாவது குரல், வாத்தியங்களின் சத்தத்தைச் சமன் செய்யுங்கள். அது ஓய்வெடுத்த காது. பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கிற அளவுக்கு வால்யூம் போதும். ராத்திரியை மெட்டுப் போட, வரி எழுத, எந்த இடத்தில் எது வர வேண்டும் என்று அடுக்க வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சின்னச் சத்தத்தில். அந்த நேரத்தில் ஈக்யூவைத் தொடவே கூடாது. ஷாப்பில் இயர் பிளக் போட்டுக்கொள்ளுங்கள், கிண்டல் பண்ணுகிறவர்கள் பண்ணட்டும். ஷிஃப்ட் முடிந்து வரும்போது காதில் 'ஞொய்' என்று ஒரு சத்தம் கேட்டு, அது மறுநாளும் போகாமல் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், கெட்டுப்போன காதைத் திரும்ப வாங்க முடியாது.

காதை நம்பி நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். ஊத்தங்கரையில் மாமா வைத்திருந்த மைக்செட்டில் ஒயர் சுற்றித்தான் இந்த மிக்ஸிங் தொழிலுக்கு வந்தேன். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளராக இருந்த காலம். பாடகியின் குரலுக்கு ஒரு மணி நேரம் ஈக்யூ போட்டேன். கொஞ்சம் கூட்டினேன், குரல் முன்னால் வந்தது. கொஞ்சம் குறைத்தேன், மென்மையானது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஈக்யூ பிளக்-இன் பைபாஸில், அதாவது வேலையே செய்யாமல் கிடந்தது. ஒரு மணி நேரமாக நான் கேட்ட மாற்றம் எல்லாம் என் தலைக்குள் நடந்தது. இதை எந்த மிக்ஸிங் ஆளிடம் சொன்னாலும் சிரித்துவிட்டுத் தன் கதையை ஆரம்பிப்பார்.

அடுத்தது லூப், அதாவது ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுவது. நாலு தட்டு கொண்ட எட்டு பார், நிமிடத்துக்கு 120 தட்டு வேகம் என்றால் ஒரு சுற்று 16 விநாடி. இரண்டு மணி நேரம் அதை ஓட விட்டால் 450 தடவை கேட்டிருக்கிறீர்கள். அடிக்கடி கண்ணில் காதில் படுகிற எதுவும், படுவதாலேயே நமக்குப் பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே எழுதிவிட்டார். அதனால்தான் தற்செயலாக விழுந்த ஒரு கிக் டிரம் அடியைக்கூட உங்களால் மாற்ற முடிவதில்லை. அந்த இடத்தில் அதுதான் இருக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. 450 எப்போது 2,000 ஆகிறதோ அப்போது அதுவே திகட்டுகிறது. கல்யாணத்துக்குச் சமைக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க அடுப்படியில் நின்று தாளித்த புகையெல்லாம் மூக்கில் ஏறிய பிறகு, பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடமாட்டார், மோர் கேட்பார். சாம்பார் நன்றாக இல்லை என்று யாரும் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்வதில்லை.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பிய இரண்டாவது பாட்டை ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மானிட்டரில் மிக்ஸ் பண்ணியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 55 ஹெர்ட்ஸ் பக்கம் வீங்கியிருக்கிறது. பத்தடி என்பது மூன்று மீட்டர் சொச்சம். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். கணக்குப் போட்டால் அந்த நீளத்துக்கு 56 ஹெர்ட்ஸில் ஒரு அலை சுவருக்குச் சுவர் நின்றுகொள்ளும். சுவரோரம் அது இடிக்கும், அறைக்கு நடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் உங்களுக்கு இரண்டு பக்கமும் அதே 56. நீங்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேஸ் வரவில்லையே என்று ஏற்றியிருக்கிறீர்கள். மானிட்டர் வைத்திருக்கும் சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவாக உங்கள் தலை இருக்கும்படி நகர்ந்து உட்காருங்கள். மூலைகளில் பழைய பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்துங்கள். முட்டை அட்டை ஒட்டுகிற வேலை வேண்டாம். பேஸுக்கு அது ஒன்றும் பண்ணாது, தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். பத்துக்குப் பத்தில் இது முழுசாகத் தீராது, அதனால் பேஸை மட்டும் ஹெட்போனில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டோடு ஒப்பிடுவது. ஒப்பிடுங்கள், நாங்களும் செய்வோம். ஆனால் அந்தப் பாட்டு மாஸ்டர் ஆகி, அதாவது கடைசிக்கட்ட மெருகும் சத்தமும் ஏற்றி வந்தது. உங்கள் மிக்ஸைவிட நிறையவே சத்தமாக இருக்கும். இரண்டில் எது சத்தமோ அதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். ஒரு டெசிபெல் வித்தியாசம் போதும், 'என்னமோ இது நல்லா இருக்கு' என்று தோன்ற. முதலில் சினிமாப் பாட்டை இழுத்து உங்கள் பாட்டின் சத்தத்துக்குக் கொண்டு வாருங்கள். ஸ்பாட்டிஃபைகூட எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற சத்த அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது. அப்படிச் சமப்படுத்திக் கேட்டால் குப்பை என்ற வார்த்தை வராது. 'அவர்கள் குரல் முன்னால் இருக்கிறது, என்னுடையது பின்னால் இருக்கிறது' என்று வரும். இரண்டாவதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்ய முடியும். அப்புறம் அந்தப் பாட்டில் பாடலாசிரியர், பாடகர், வாத்தியக்காரர்கள், புரோகிராமர், மிக்ஸிங், மாஸ்டரிங் என்று ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கான ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் பாட்டில் நீங்கள் மட்டும்.

'செம மச்சி' என்கிறவர்களைக் குறை சொல்லாதீர்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் அவர்கள் வேறு என்னதான் சொல்ல முடியும்? கேள்வியை மாற்றுங்கள். இன்னும் நல்லது, கேட்கவே கேட்காதீர்கள். பாட்டைப் போட்டுவிட்டு அவர்கள் எந்த இடத்தில் போனை எடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் எடுத்தால் அந்த இடம் இழுக்கிறது. என் வீட்டில் இதற்கு நான் நம்புவது என் மனைவியை. அவருக்கு இசை பற்றி ஒரு ஆர்வமும் இல்லை. மூன்று நாள் கழித்துத் துணி மடிக்கும்போது முணுமுணுத்தால் அந்தப் பல்லவி நின்றுவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் முணுமுணுப்பதில்லை.

சரி, காது, வால்யூம், அறை, ஒப்பீடு எல்லாவற்றையும் கழித்த பிறகு பாட்டில் நிஜமாகவே குறை மிச்சம் இருக்கும். உங்கள் பாட்டிலும் இருக்கிறது. பொதுவான வெறுப்பிலிருந்து அதை எப்படிப் பிரித்து அறிவது என்றால், குறைக்கு இடம் சொல்ல முடியும். 'ஒரு நிமிடம் நாற்பதாவது விநாடியில் தொய்கிறது' என்பது குறை. 'எல்லாமே கேவலம்' என்பது தூக்கமில்லாமை. பாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி போனில் போட்டுக்கொண்டு, லேப்டாப்பை மூடிவிட்டு, காலையில் தோப்புப் பக்கம் நடந்துகொண்டே ஒரே ஒரு தடவை நிறுத்தாமல் கேளுங்கள். உறுத்திய இடங்களின் நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். அன்றைக்கே உட்கார்ந்து திருத்தாதீர்கள். அடுத்த நாளும் அதே இடம் உறுத்தினால் திருத்துங்கள்.

உங்கள் பாட்டுகளுக்கு நான் குறித்தது இது. முதல் பாட்டு, பல்லவி நன்றாக இருக்கிறது. ஆனால் நாலு நிமிடமும் அதே நாலு கார்ட், அதே பீட். இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கலாம். இரண்டாவது எனக்குப் பிடிக்கவில்லை. பேஸை விடுங்கள், அந்த பீட்டையும் அந்த சின்த்தையும் இந்த வருஷம் பத்துப் பேர் பாட்டில் கேட்டுவிட்டேன். சாம்பிள் பேக்கில் ரெடிமேடாக வருவதை அப்படியே அடுக்கியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடலாம், வருத்தப்பட வேண்டாம்.

மூன்றாவது உங்கள் கோயில் பாட்டு. இருபதாவது விநாடியில் பம்பை வருகிறது. பின்னால் தூரத்தில் ஒரு போர்வெல் மோட்டார் ஓடுகிறது, ஒரு இடத்தில் மயில் அகவுகிறது. அதையெல்லாம் அழிக்கப் பார்த்து நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டிருக்கிறீர்கள், பம்பையின் தோல் சத்தம் தண்ணீருக்குள் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய தப்பு, அவர் அடித்ததை கிரிட்டில், கம்ப்யூட்டரின் தாளக் கட்டத்தில், இழுத்துச் சரிபண்ணியது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டாவது நிமிடத்துக்கு மேல் நீங்கள் சோர்ந்துபோய் ஒரு எட்டு பாரை அப்படியே விட்டுவிட்டீர்கள். அங்கே பம்பை கொஞ்சம் முந்தி முந்தி விழுகிறது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த எட்டு பாருக்குத்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விடிய விடிய ஆடுகிற ஆட்டத்தைத் தாளம் அப்படி முந்திக்கொண்டு இழுத்துப் போவதைக் கேட்டிருக்கிறோம். அவர் முதலில் வாசித்த அந்தப் பழைய டேக்கை எடுங்கள், கிரிட்டை அணையுங்கள், மோட்டார் சத்தத்தோடே வையுங்கள்.

கூம்பு ஸ்பீக்கர் விஷயத்தில் நீங்கள் கூசிப்போக ஒன்றுமில்லை. அது பேச்சைத் தூரத்துக்கு எட்ட வைப்பதற்கான பொருள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக எதுவும் வராது. உங்கள் 50 ஹெர்ட்ஸ் பேஸை அதில் தேடினால் எப்படி? மாமாவின் மைக்செட்டில் வந்த பழைய பாட்டுகளில் எங்களுக்கு பேஸ் கேட்டது, ஏனென்றால் பேஸின் ஹார்மானிக்ஸ், அதாவது அதன் மடங்குகளில் கூடவே எழும் ஒலிகள், மேலே இருந்தது. 100 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 300, 400, 500-ல் ஹார்மானிக்ஸ் இருந்துவிட்டால், அடிச்சத்தம் வராமலேயே காது அதை ஊகித்துக் கேட்டுக்கொள்ளும். பேஸ் டிராக்கில் அந்த ஹார்மானிக்ஸைக் கூட்டுகிற சாச்சுரேஷன் கொஞ்சம் போடுங்கள், போதும். போன் ஸ்பீக்கருக்கும் இதே வைத்தியம்தான்.

64 பாதியில் நிற்க, இது மட்டும் ஏன் முடிந்தது என்று யோசித்தீர்களா? காப்புக் கட்டும் தேதி வந்துவிட்டது. அம்மன் உங்களுக்காகத் திருவிழாவைத் தள்ளிவைக்க மாட்டாள். நான் வேலை செய்த எந்தப் பாட்டும் 'திருப்தியாகிவிட்டது' என்று முடிந்ததில்லை. ரிலீஸ் தேதி வந்து பிடுங்கிக்கொண்டு போனதுதான். அந்த 64-ல் மூன்றை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்களால் மாற்ற முடியாத ஒரு தேதியைக் கட்டிவிடுங்கள்: தங்கையின் பிறந்தநாள், எருது விடும் விழா, நண்பனின் நிச்சயதார்த்தம், ஏதோ ஒன்று. மற்ற 61-ஐத் திறக்காதீர்கள். அழிக்கவும் வேண்டாம்.

வேலையை விட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது, நானும் சொல்லவில்லை.

என்னையே பிடிப்பதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஷிஃப்ட் வேலையில் 3 மணிக்குத் தூங்கினால் யாருக்கும் தன்னைப் பிடிக்காது. ஆனால் பாட்டைத் தாண்டி சாப்பாடு, வேலை, ஆட்கள் என்று எல்லாவற்றிலும் அந்தக் கசப்பு பரவியிருந்தால் அது மிக்ஸிங்காரன் தீர்க்கும் விஷயமில்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்போது அந்தப் பென்டிரைவ். பம்பையைப் பழைய டேக்குக்கு மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். அந்த ஒரு காலைக்குள் முடியாவிட்டால் போன வருஷப் பாட்டையே கொடுத்துவிடுங்கள். அவர் கேட்பதும் அதைத்தானே? எக்ஸ்போர்ட் பண்ணும் முன் மோனோ பட்டனை அழுத்தி ஒரு தடவை கேளுங்கள். மைக்செட்டில் இடதும் வலதும் ஒன்றாகத்தான் போகும், நீங்கள் இரண்டு பக்கமும் விரித்து வைத்த கோரஸ் அதில் கரைந்து போகலாம். வேவ் ஃபைலாக வேண்டாம், சில பிளேயர்கள் படிக்காது. எம்.பி.3, 320. பென்டிரைவை ஃபேட் 32-ல் ஃபார்மேட் பண்ணி, அந்த ஒரு பாட்டை மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் அர்ச்சனை நடுவில் உங்கள் இரண்டாவது பாட்டு கிளம்பிவிடும்.

அப்படியே இன்னொரு பிரதி எடுத்துப் பம்பைக்காரருக்கும் கொடுங்கள். அவர் தன் வாசிப்பை ஒரு தடவையாவது கேட்டாரா இல்லையா என்று நீங்கள் எழுதவே இல்லை.